12 வயது பேஸ்பால் பிட்சர் (பந்தெறிபவன்), முழங்கை உள்பக்கம் வலி: எத்தனை நாள் நிறுத்த வேண்டும்?

எடிசன்_அப்பா

வணக்கம். பையனுக்கு 12 வயது, வலது கை பிட்சர். ஊர் லீக்கில் ஒரு டீம். அது போதாதென்று இந்த வருடம் வெளியூர் டோர்னமென்டுகளுக்குப் போய் ஆடும் ஒரு ட்ராவல் டீமிலும் சேர்த்துவிட்டோம். போன ஞாயிறு டோர்னமென்டில் இரண்டாவது மேட்ச் முடிந்து காரில் ஏறும்போது முழங்கையின் உள்பக்கத்தைத் தடவிக்கொண்டே வந்தான். கேட்டால் ஒன்றுமில்லை என்கிறான். அழுத்திப் பார்த்தால் முகம் சுளிக்கிறான். வீக்கம் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை.

ட்ராவல் டீம் கோச், "வளர்கிற வயசு, ஐஸ் வையுங்கள், வியாழக்கிழமை பிராக்டிஸுக்கு வரட்டும்" என்கிறார். இன்னொரு பையனின் அப்பா, கர்வ்பால் (வளைந்து விழும் பந்து) கற்றுக்கொடுத்ததுதான் வினை என்கிறார். வீட்டில் மனைவியோ பேஸ்பாலே வேண்டாம், செஸ் கிளாஸில் சேர்த்துவிடலாம் என்கிறாள். நான் கல்லூரி வரை கிரிக்கெட் ஆடியவன். இந்த விளையாட்டின் ஸ்கோர் போர்டைப் படிக்கவே இப்போதுதான் பழகியிருக்கிறேன்.

அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். எத்தனை நாள் நிறுத்தினால் போதும்? கர்வ்பால்தான் காரணமா?

பழைய_ஆல்ரவுண்டர்

ஐஸ் வைத்து ரெண்டு நாள் விட்டால் சரியாகிவிடும். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தும்மினால்கூட ஸ்பெஷலிஸ்ட். அந்தக் காலத்துப் பெரிய பிட்சர் நோலன் ரயான் 1974இல் ஒரே மேட்ச்சில் 13 இன்னிங்ஸ் (இரண்டு டீமும் ஒருமுறை பேட் செய்தால் ஒரு இன்னிங்ஸ்), 235 பந்து போட்டார். மொத்தம் 27 சீசன் ஆடினார். அவருக்கு யார் பந்தை எண்ணிக்கொண்டிருந்தார்கள்?

ஹூஸ்டன்_பிசியோ

வியாழக்கிழமை பிராக்டிஸுக்கு அனுப்பாதீர்கள். முதலில் இது. மற்றதெல்லாம் அப்புறம்.

நான் பிசியோதெரபிஸ்ட். பையனைப் பார்க்காமல் இன்னதுதான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் 9 முதல் 14 வயதுக்குள் ஒரு பிட்சர், முழங்கையின் உள்பக்க எலும்பு மேட்டில் அழுத்தினால் வலி என்றால், எங்களுக்கு முதலில் வரும் சந்தேகம் 'லிட்டில் லீக் எல்போ'. 1960லிருந்தே மருத்துவ ஏடுகளில் இருக்கிற பெயர் அது.

நடப்பது இதுதான். பந்தை எறியும் முன் கை தோளுக்குப் பின்னால் நன்றாகச் சாயும். உடம்பு முன்னே திரும்பிவிட்டிருக்கும், முன்கை மட்டும் பின்தங்கி நிற்கும். அந்தக் கணத்தில் முழங்கையின் உள்பக்கம் பிளந்து திறப்பது போல இழுபடும், வெளிப்பக்கம் நசுங்கும். உள்பக்கத்தைப் பிடித்து வைத்திருப்பது ஒரு லிகமென்ட். டாமி ஜான் என்ற பிட்சரின் பெயரில் வழங்கும் அறுவை சிகிச்சையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள், அதில் மாற்றுவது அந்த லிகமென்டைத்தான். பெரியவர்களுக்கு அது கிழியும். சின்னப் பிள்ளைகளுக்கு அவ்வளவு சீக்கிரம் கிழியாது, ஏனென்றால் அதைவிட பலவீனமான இடம் ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. லிகமென்டும் தசைகளும் போய் ஒட்டுகிற எலும்பு முனைக்கும் கை எலும்புக்கும் நடுவே உள்ள வளர்ச்சித் தட்டு அது. ஈரம் காயாத சிமென்ட் மாதிரி. பதின்வயதின் நடுப்பகுதி தாண்டித்தான் இறுகும். அதுவரை ஒவ்வொரு பந்தும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்கிறது.

இழுப்பு எவ்வளவு என்பதையும் அளந்திருக்கிறார்கள். ஒரு தொழில்முறை பிட்சரின் முழங்கையில் விழும் முறுக்குவிசை சுமார் 64 நியூட்டன் மீட்டர். பள்ளிச் சிறுவர்களுக்கு 28 அளவில். இறந்தவர்களின் கைகளில் சோதித்தபோது, லிகமென்ட் தனியாகத் தாங்கியது சுமார் 32 நியூட்டன் மீட்டர்தான். அதாவது பெரிய பிட்சர் ஒவ்வொரு முறை முழு வேகத்தில் எறியும்போதும், மிச்சப் பாதியை முன்கைத் தசைகளும் எலும்பும்தான் சுமக்கின்றன. தசை களைத்துப்போனால் அந்தப் பங்கு எங்கே போகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

கீழே உள்ளவற்றில் ஏதாவது இருந்தால் இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள்: எறியும்போது 'டப்' என்று சத்தம் கேட்டது, கையை முழுசாக நீட்ட முடியவில்லை, மடக்கும்போது நடுவில் சிக்கி நிற்கிறது, மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போகின்றன, அல்லது வலி வெளிப்பக்கம். வெளிப்பக்க வலியை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். நசுங்குகிற இடத்தில் எலும்பும் அதன் மேலுள்ள குருத்தெலும்பும் பெயர ஆரம்பித்திருக்கலாம், அது லேசில் ஆறாது.

இவை எதுவுமே இல்லாவிட்டாலும் பிள்ளைகளைப் பார்க்கிற எலும்பு டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். இரண்டு முழங்கைக்கும் எக்ஸ்ரே எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்வார்கள். எக்ஸ்ரே சரியாக இருந்தாலும் வலி பொய்யாகிவிடாது. வழக்கமாக நான்கிலிருந்து ஆறு வாரம் எறிவதை அடியோடு நிறுத்தி, பிறகு படிப்படியாகத் தொடங்க வைப்பார்கள்.

தயவுசெய்து வலி மாத்திரை கொடுத்து மைதானத்தில் இறக்காதீர்கள். வலி ஒன்றுதான் இப்போது அவன் கைக்கு இருக்கிற காவல்.

ஃபிரிஸ்கோ_கோச்

> அவருக்கு யார் பந்தை எண்ணிக்கொண்டிருந்தார்கள்?

235 என்று உங்களுக்கே தெரிகிறதே சார், யாரோ எண்ணித்தானே இருக்கிறார்கள்! அது இருக்கட்டும், ரயானின் கடைசி மேட்ச் தெரியுமா? 1993 செப்டம்பர், சியாட்டில். எறிந்துகொண்டிருக்கும்போதே முழங்கையில் இதே லிகமென்ட் கிழிந்தது. அப்போது அவருக்கு வயது 46, அதோடு ஆட்டம் முடிந்தது. ஒரு ரயானைப் பற்றிப் பேசும்போது, அவரைப் போலவே போட்டு 19 வயதில் வீட்டுக்குப் போனவர்களை யாரும் பட்டியல் போடுவதில்லை.

எடிசன் அண்ணா, நான் ரெக் லீக்கில் (ஊர்ப் பிள்ளைகள் பொழுதுபோக்காக ஆடும் லீக்) உதவி கோச், சம்பளமில்லாத வேலை. உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்.

கர்வ்பால் வாதம் எங்கள் மைதானத்திலும் ஒவ்வொரு சீசனும் நடக்கும். மணிக்கட்டைத் திருகுவதால் முழங்கை போகிறது என்பது பழைய நம்பிக்கை. 2002இல் வந்த ஓர் ஆய்வில் கர்வ்பால் போட்ட சிறுவர்களுக்குத் தோள் வலியும், ஸ்லைடர் (வேகமாக வந்து பக்கவாட்டில் விலகும் பந்து) போட்டவர்களுக்கு முழங்கை வலியும் அதிகம் என்று வந்தது உண்மைதான். ஆனால் அதற்குப் பிறகு ஆய்வகத்தில் கேமரா வைத்து அளந்தபோது, சிறுவர்களின் முழங்கையில் அதிக விசை விழுந்தது ஃபாஸ்ட்பாலில் (நேரான வேகப்பந்து). கர்வ்பால் அதற்குக் கீழே. எல்லாவற்றிலும் குறைவு சேஞ்ச்அப் (வேகப்பந்து போலவே எறிந்து மெதுவாக வருவது). பிறகு 481 இளம் பிட்சர்களைப் பத்து வருடம் தொடர்ந்து பார்த்து 2011இல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். 13 வயதுக்கு முன்பே கர்வ்பால் தொடங்கியதற்கும் பெரிய காயத்துக்கும் தெளிவான தொடர்பு கிடைக்கவில்லை. ஆனால் வருடத்துக்கு 100 இன்னிங்ஸுக்கு மேல் போட்டவர்களுக்குக் காய வாய்ப்பு மூன்றரை மடங்கு.

அதற்காக 10 வயதுப் பையனுக்குக் கர்வ்பால் சொல்லிக்கொடுக்கலாமா என்றால், நான் கொடுக்க மாட்டேன். முதலில் ஃபாஸ்ட்பாலை நினைத்த இடத்தில் போடட்டும், அப்புறம் சேஞ்ச்அப். ஆனால் கர்வ்பால் மேல் பழியைப் போட்டுவிட்டு, ஒரே வாரக்கடைசியில் நாலு மேட்ச் ஆடவைக்கிற அப்பாக்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது. உங்களைச் சொல்லவில்லை.

எனக்கு மறக்காத ஆய்வு 2006இல் வந்தது. அறுவை சிகிச்சை வரை போன பதின்வயது பிட்சர்களையும், காயமே படாதவர்களையும் ஒப்பிட்டார்கள். வருடத்தில் எட்டு மாதத்துக்கு மேல் போட்டிகளில் பந்தெறிந்தவர்கள் அறுவை சிகிச்சைக்குப் போகும் வாய்ப்பு 5 மடங்கு. சராசரியாக மேட்ச்சுக்கு 80 பந்துக்கு மேல் என்றால் 4 மடங்கு. கை களைத்த பிறகும் வழக்கமாகப் போட்டுக்கொண்டே இருந்தவர்கள்? 36 மடங்கு.

அமெரிக்காவின் உச்ச தொழில்முறை லீக்கான மேஜர் லீக்கும், யூஎஸ்ஏ பேஸ்பால் அமைப்பும் சேர்ந்து 2014இல் கொண்டுவந்த 'பிட்ச் ஸ்மார்ட்' வழிகாட்டியில் 11–12 வயதுக்கு ஒரு நாளில் 85 பந்துதான் உச்சம். 66 அல்லது அதற்கு மேல் போட்டால் நான்கு நாள் ஓய்வு. 51 முதல் 65 வரை மூன்று நாள், 36 முதல் 50 வரை இரண்டு, 21 முதல் 35 வரை ஒன்று. அதோடு வருடத்தில் குறைந்தது நான்கு மாதம் பிட்சிங்கே கூடாது, அதில் இரண்டு மூன்று மாதம் தொடர்ச்சியாக எந்தவிதமான எறிதலும் கூடாது.

ஓட்டை எங்கே தெரியுமா? ஊர் லீக் அதன் மேட்ச்சை மட்டும் எண்ணும். ட்ராவல் டீம் அதனுடையதை எண்ணும், அல்லது எண்ணாது. இரண்டையும் கூட்டுகிற ஆள் யாரும் இல்லை. சனிக்கிழமை ஊர் லீக்கில் 60, ஞாயிறு ட்ராவலில் 55 என்றால் இரண்டு கோச்சுகளும் விதியை மீறவில்லை என்று தூங்கப் போய்விடுவார்கள். கை ஒன்றுதானே இருக்கிறது?

பழைய_ஆல்ரவுண்டர்

சரி, ஒத்துக்கொள்கிறேன், ரயான் கதை அரைகுறையாகச் சொன்னேன். ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது. இப்போது மேஜர் லீக்கில் ஒவ்வொரு பந்தையும் எண்ணுகிறார்கள், நூறைத் தொட்டால் இறக்கிவிடுகிறார்கள், ஆளுக்கு நாலு டிரெய்னர். அப்படியும் டிகிராம், ஸ்ட்ராஸ்பர்க், ஓஹ்தானி, வெர்லாண்டர் என்று பெரிய பிட்சர்கள் எல்லோருக்கும் முழங்கையில் கத்தி. ஓஹ்தானிக்கு 2018, 2023 என்று ரெண்டு தடவை. எண்ணுவது வேலை செய்கிறது என்றால் இது ஏன்?

ஃபிரிஸ்கோ_கோச்

நியாயமான கேள்வி. எண்ணிக்கை மட்டும் போதாது என்பதுதான் பதில். மேஜர் லீக் 2024 டிசம்பரில் பிட்சர் காயங்களைப் பற்றி ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டது. சராசரி ஃபாஸ்ட்பால் வேகம் 2008இல் மணிக்கு 91.3 மைல், 2024இல் 94.2 மைல். எந்நேரமும் முழு பலத்தில் எறிவது, சுழற்சியைக் கூட்டுவது, அதற்கென்றே பயிற்சி எடுப்பது, இவைதான் முக்கியக் காரணம் என்று நிபுணர்கள் சொன்னதாக அதில் இருக்கிறது. அந்த மோகம் கீழே பள்ளிப் பிள்ளைகள் வரை இறங்கிவிட்டது என்றும் அதே அறிக்கை சொல்கிறது. 2006 ஆய்விலும் 85 மைலுக்கு மேல் எறிந்த பதின்வயதினருக்கு இரண்டரை மடங்கு ஆபத்து. ஆக, வேகத்தை அளக்கிற ரேடார் கன்னைப் பிடித்துக்கொண்டு 12 வயதுப் பையனின் வேகத்தை ஏட்டில் குறிக்கிற கோச் இருந்தால் அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

இன்னொன்று. எண்ணுவதே முழு எண்ணிக்கை இல்லை. ஃபுளோரிடாவில் உயர்நிலைப் பள்ளி மேட்ச்களில் வார்ம்அப், புல்பென் (மைதான ஓரத்தில் பிட்சர் தயாராகும் இடம்) எல்லாவற்றையும் சேர்த்து எண்ணிப் பார்த்தார்கள். அன்று எறிந்த பந்துகளில் சுமார் 42 சதவீதம் எந்தக் கணக்கிலும் வராதவை.

ஸ்கார்பரோ_சித்தப்பா

ரொறன்ரோவில் இருந்து எழுதுகிறேன். பனி விழுந்தால் பெடியளுக்குத் தானாக ஓய்வு கிடைக்கும் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். இப்ப அப்படியில்லை. உள்ளரங்கில் வலை கட்டி, மார்கழி மாதமும் எறிகிறார்கள். என் அண்ணன் மகன் படிக்கிற இடத்தில் பாரம் கூடிய பந்துகளை எறிய வைக்கிறார்கள், வேகம் கூடுமாம். அதைப் பற்றித் தேடினேன். 13 முதல் 18 வயதுப் பிள்ளைகளை வைத்து ஆறு வாரம் செய்த ஓர் ஆய்வு 2018இல் வந்திருக்கிறது. வேகம் கூடியது மெய்தான். ஆனால் பாரப் பந்து எறிந்த பிள்ளைகளில் 24 சதவீதம் பேருக்குக் காயம். எறியாத கூட்டத்தில் ஒருவருக்கும் இல்லை. பெடியனின் தகப்பனிடம் காட்டினேன். "சும்மா பயப்படுத்தாதையுங்கோ" என்றார். அதுக்குப் பிறகு நான் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

எடிசன் தம்பிக்கு ஒரு சொல். நாங்கள் கிரிக்கெட்டை வைத்து இதை அளக்கக்கூடாது. எங்களுக்குப் பந்துவீச்சு என்றால் கையை நீட்டிப் போடுவது. 15 பாகைக்கு மேல் முழங்கை நிமிர்ந்தால் அது எறிதல் என்று விதியே இருக்கு. அதனால் வளருகிற வேகப்பந்துவீச்சாளருக்கு அடி விழுவது இடுப்புக்கு மேலே முதுகெலும்பில், எலும்பு கீறல் விடும். இங்கே முழங்கையை மடக்கிச் சுண்டுவதுதான் ஆட்டமே. நாங்கள் சின்னதில் நாள் முழுக்க டென்னிஸ் பந்து போட்டோம், ஒன்றும் ஆகவில்லை என்பது இங்கே செல்லாது.

எடிசன்_அப்பா

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு பதில் வரும் என்று நினைக்கவில்லை.

நேற்று இரவு உட்கார்ந்து இரண்டு டீமின் ஸ்கோர் ஆப்பையும் திறந்து கூட்டிப் பார்த்தேன். சனிக்கிழமை ஊர் லீக்கில் 58. ஞாயிறு காலை ட்ராவல் மேட்ச்சில் 41. அதே நாள் இரண்டாவது மேட்ச்சில் அவன் பிட்சர் இல்லை, அதனால் நான் கவலைப்படவே இல்லை. ஆனால் கேட்சராக (பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவன்) நின்றிருக்கிறான். கேட்சர் ஒவ்வொரு பந்தையும் பிட்சருக்குத் திருப்பி எறிய வேண்டும், நடுநடுவே இரண்டாம் பேஸுக்கும் எறிய வேண்டும். இது கணக்கில் வருமா?

வியாழன் பிராக்டிஸுக்கு வரமாட்டான் என்று கோச்சுக்குச் செய்தி அனுப்பினேன். "சரி, ஆனால் அவன் இடத்துக்கு இரண்டு பேர் காத்திருக்கிறார்கள்" என்று பதில் வந்தது. அதைப் படித்ததிலிருந்து பையன் சரியாகச் சாப்பிடவில்லை.

ஃபிரிஸ்கோ_கோச்

கேட்சர் எறிவது எந்தத் தாளிலும் வராது, ஆனால் கைக்குத் தெரியும். அதனால்தான் சிறுவர் பேஸ்பால் அமைப்பான லிட்டில் லீக்கின் விதியிலேயே, ஒரு மேட்ச்சில் 41 பந்து அல்லது அதற்கு மேல் போட்டவன் அன்றைக்குக் கேட்சராக நிற்கக்கூடாது என்று இருக்கிறது. நாலு இன்னிங்ஸ் கேட்சராக நின்றவன் அன்று பிட்ச் செய்யவும் கூடாது. உங்கள் பையன் சரியாக 41. தனியார் டோர்னமென்ட்டுகளுக்கு அந்த விதி பொருந்துவதில்லை, அவரவர் விதி. சனிக்கிழமை 58 போட்டதற்கே மூன்று நாள் ஓய்வு வேண்டும்.

டோக்கியோவாசி

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். "இடத்துக்கு இரண்டு பேர் காத்திருக்கிறார்கள்" என்ற வரியைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது.

ஜப்பானில் உயர்நிலைப் பள்ளி பேஸ்பால் ஒரு திருவிழா. பள்ளிகளுக்கான தேசியப் போட்டியான கோஷியென் என்றால் நாடே டிவி முன்னால். 1998இல் மட்சுசாகா என்ற பள்ளி பிட்சர் 17 இன்னிங்ஸ், 250 பந்து போட்டதை இன்றைக்கும் வீரகாவியமாகச் சொல்வார்கள். 2011இல் அவருக்கு டாமி ஜான் அறுவை சிகிச்சை நடந்தது அந்தக் காவியத்தில் வராது. 2013இல் அன்ராகு என்ற பையன் ஒரே தொடரில் 772 பந்து போட்டான்.

2019இல் இவாடே மாகாணத்தில் ஒரு சின்ன ஊர்ப் பள்ளி, ஓஃபுனாடோ. அங்கே ரோகி சசாகி என்ற பையன் மணிக்கு 163 கிலோமீட்டர் வேகத்தில் எறிந்தான். அந்தக் கோடையில் ஒரு மேட்ச்சில் 12 இன்னிங்ஸ், 194 பந்து. ஜூலை 24 அரையிறுதியில் 129 பந்து. மறுநாளே இறுதிப் போட்டி. வென்றால் கோஷியென். கோச் அவனை இறக்கவே இல்லை. காயம் வந்துவிடக்கூடாது என்று பெஞ்சில் உட்காரவைத்தார். பள்ளி 12–2 என்று தோற்றது. பள்ளிக்கு ஃபோன் போட்டுத் திட்டித் தீர்த்தார்கள், டிவியில் நாள்கணக்கில் விவாதம். பழைய வீரர்கள் சிலரே அந்தக் கோச்சைக் கடுமையாகப் பேசினார்கள்.

அதே பையன் 2022 ஏப்ரலில், 20 வயதில், 19 ஸ்ட்ரைக்அவுட்டோடு (பேட்டரை பிட்சரே அவுட்டாக்குவது) பர்ஃபெக்ட் கேம் போட்டான், அதாவது எதிரணியில் ஒருவரையும் பேஸ் ஏற விடவில்லை. இப்போது அமெரிக்க மேஜர் லீக் அணியான டாட்ஜர்ஸில் ஆடுகிறான். அன்று உட்காரவைத்ததால்தான் இது என்று நிரூபிக்க முடியாது, பின்னாளில் தோள் பிரச்சினையும் வந்தது. ஆனால் ஊரே ஏசும் என்று தெரிந்தும் ஒரு கோச் அப்படிச் செய்யலாம் என்றால், 12 வயதுப் பையனின் வாரக்கடைசி டோர்னமென்டுக்காக மிரட்டுகிற கோச்சை என்னவென்று சொல்வது? 2020 முதல் இங்கேயும் வாரத்துக்கு 500 பந்து என்று வரம்பு வந்துவிட்டது. என்னைக் கேட்டால் 500உம் அதிகம்தான்.

பியர்லாண்ட்_ராஜ்

எல்லோரும் ரொம்பப் பயமுறுத்துகிறீர்கள். எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் 16 வயதில் டாமி ஜான் செய்துகொண்டான், முன்னைவிட வேகமாக எறிகிறான். புது லிகமென்ட் இன்னும் பலமாமே. அப்படியே போனாலும் சரிசெய்துவிடலாம் இல்லையா?

ஹூஸ்டன்_பிசியோ

ராஜ் சார், இந்த எண்ணம் உங்களுக்கு மட்டும் இல்லை. 2012இல் ஒரு கருத்துக்கணிப்பு வந்தது: காயமே இல்லாவிட்டாலும் திறமை கூட இந்த அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாம் என்று நினைத்தவர்கள் உயர்நிலைப் பள்ளி ஆட்டக்காரர்களில் 51 சதவீதம், பெற்றோரில் 37 சதவீதம்!

முதன்முதலாக 1974 செப்டம்பரில் டாக்டர் ஃபிராங்க் ஜோப் இதைச் செய்தபோது, டாமி ஜான் திரும்ப ஆட வாய்ப்பு நூற்றில் ஒன்று என்றார். அவர் திரும்பி வந்து இன்னும் 164 மேட்ச் ஜெயித்தார். அந்தப் புகழ்தான் இப்போது வினையாகிறது. அறுவை என்றால் கையிலோ தொடையிலோ இருந்து ஒரு தசைநாணை எடுத்து, எலும்பில் துளை போட்டுக் கோத்துக் கட்டுவது. திரும்பப் போட்டியில் பந்து போட ஒரு வருடத்துக்கு மேல். சிலர் பழைய நிலைக்கு வருவதே இல்லை. பக்கத்து வீட்டுப் பையன் வேகமாக எறிகிறான் என்றால், அந்த ஒரு வருடம் உடற்பயிற்சி செய்ததும், அதற்குள் வளர்ந்துவிட்டதும்தான் பெரும்பாலும் காரணம். புதுசாகக் கட்டியது, கூடப் பிறந்ததைவிட பலம் என்று யாரும் காட்டவில்லை.

2007 முதல் 2011 வரை அமெரிக்காவில் ஒரு பெரிய காப்பீட்டுத் தரவை அலசினார்கள். இந்த அறுவை செய்துகொண்டவர்களில் சுமார் 57 சதவீதம் பேர் 15 முதல் 19 வயதுக்காரர்கள்.

மூணு_பிள்ளை_அம்மா

எடிசன் அண்ணா, நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் பட்டது "கேட்டால் ஒன்றுமில்லை என்கிறான்". பிள்ளைகள் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் பெஞ்ச் என்று அவர்களுக்குத் தெரியும். என் பெரியவன் ஒரு முழு சீசன் மறைத்தான்.

அதனால் "வலிக்கிறதா" என்று கேட்பதை நான் விட்டுவிட்டேன். இன்னிங்ஸ் முடிந்து வரும்போது கையை உதறுகிறானா, பந்து மேலே மேலே போகிறதா, முழங்கை முன்பைவிடக் கீழே இறங்கி எறிகிறானா, பந்துக்குப் பந்து நேரம் எடுக்கிறானா என்று பார்ப்பேன். மறுநாள் காலை பல் தேய்க்கிற கை மாறியிருந்தால் அதுவே போதும். அப்புறம், தயவுசெய்து அவன் முன்னால் கோச்சின் மெசேஜை வாசிக்காதீர்கள்.

எடிசன்_அப்பா

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தோம். இரண்டு கைக்கும் எக்ஸ்ரே. வலது கையில் வளர்ச்சித் தட்டு இடதைவிடச் சற்று அகலமாகத் தெரிகிறது, எலும்பு பெயரவில்லை. பிசியோ மேடம் சொன்னதேதான். ஆறு வாரம் எறியக் கூடாது, பிறகு திரும்பப் பார்க்க வேண்டும். சீசன் முடிந்துவிடும்.

கையை நீட்ட மடக்கத் தடை இல்லை. பேட்டிங் செய்யலாமா என்று கேட்க மறந்துவிட்டேன். அதைத்தான் அவன் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

ஹூஸ்டன்_பிசியோ

நல்லவேளை, சீக்கிரம் காட்டிவிட்டீர்கள். பேட்டிங்கை டாக்டரிடம் ஃபோனில் கேட்டுவிடுங்கள். வலி இல்லை என்றால் பலர் அனுமதிப்பார்கள், ஆனால் அவர் வாயால் வரட்டும். இந்த ஆறு வாரத்தில் இடுப்பு, கால், முதுகுப் பலத்துக்கு ஏதாவது செய்யச் சொல்லுங்கள்.

ஃபிரிஸ்கோ_கோச்

திரும்ப வந்ததும் நேரே பிட்சர் நிற்கும் மேட்டில் ஏற்றாதீர்கள். முதலில் கிட்டத்தில் மெதுவாக எறிந்து பிடிப்பது, பிறகு தூரத்தைக் கூட்டுவது, பிட்சிங் கடைசியில். முதல் சில வாரம் ஃபர்ஸ்ட் பேஸில் நிற்கட்டும், அங்கே எறிகிற வேலை குறைவு. ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்பவர்), தேர்ட் பேஸ் வேண்டாம், நீள எறிதல் நிறைய. கேட்சர் இந்த வருடம் வேண்டவே வேண்டாம்.

பழைய_ஆல்ரவுண்டர்

ஃபர்ஸ்ட் பேஸ் க்ளவுஸ் வேற மாதிரி இருக்குமே, தனியா வாங்கணுமா?

ஃபிரிஸ்கோ_கோச்

வாங்கணும் சார். பழசு இருந்தால் கேட்டுப் பாருங்கள், எங்கள் லீக்கில் எப்போதும் ரெண்டு மூணு சும்மா கிடக்கும்.